சங்க வலிமையும் தொண்டர் பயிற்சியும்

வைகாசிப் பௌர்ணமியன்று நம் சங்க மண்டபங்களில் இடம் போதுவதில்லை. அக்டோபர் 14ஆம் நாளிலும் டிசம்பர் 6ஆம் நாளிலும் கொடியும் விளக்கும் ஏந்திப் பெருந்திரளாகக் கூடுகின்றோம். ஆனால், தாலுகா அலுவலகத்தில் ஒரு பௌத்த மாணவனுக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்படும்போதும், நம் தெருவின் குடிநீர்க் குழாய் மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும்போதும், அங்கே சென்று நிற்பவர் எத்தனை பேர்? இருவர் அல்லது மூவர். அவர்களும் சில ஆண்டுகளில் களைத்து ஓய்ந்துவிடுகின்றனர். கூட்டம் நம்மிடம் உண்டு, வலிமை குறைவு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பலர் ஒரு நாள் ஓரிடத்தில் சேர்வது கூட்டம். அவர்கள் கலைந்து வீடு திரும்பிய பின்னரும் அவர்களிடையே அறுபடாது நிற்கும் கட்டு யாதோ, அதுவே வலிமை. அக்கட்டினைப் பிணைப்பவர் தெருதோறும் இருந்து, வீடுவீடாகச் சென்று, மக்களின் குறை கேட்டு, அவர்களையே ஒன்று சேர்த்துச் செயற்படச் செய்யும் தொண்டர். இத்தகைய தொண்டர் தாமாக முளைப்பதில்லை. அவரைத் தேடிக் காண்பதும், பயிற்றுவிப்பதும், தளருங்கால் தாங்குவதும் சங்கத்தின் கடமைகளாம். இதனை நம் தம்ம நூல்களும் கூறுகின்றன. அண்ணல் அம்பேத்கரின் இயக்க வரலாறும் மெய்ப்பிக்கின்றது.

ததாகதர் காட்டிய பயிற்சி முறை

பகவன் புத்தரின் முதற் சீடர்கள் அறுபதின்மர் அருகர் நிலை எய்தியபோது, பகவன் அவர்களைத் தம்மைச் சூழ்ந்திருக்கச் செய்யவில்லை. பலரது நலத்தின் பொருட்டு, இருவர் ஒரே வழியில் செல்லாவண்ணம், திசைதோறும் அனுப்பினார். விநய பிடகத்து மகாவக்கத்தில் வரும் இச்செய்தி நாம் அனைவரும் அறிந்ததே. அதனை அடுத்து வரும் செய்தியைப் பலர் கருதுவதில்லை. அவ்வாறு சென்றவர்கள், துறவு பூண விரும்பியோரை நெடுந்தொலைவிலிருந்து பகவனிடமே அழைத்து வந்தனர். வந்தவரும் களைத்தனர், அழைத்து வந்தவரும் களைத்தனர். அதனைக் கண்ட பகவன், அந்தந்த நாட்டிலேயே மும்மணிச் சரணம் சொல்லுவித்துச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கே வழங்கினார். எல்லாவற்றையும் தலைவர் ஒருவரே செய்யவேண்டும் என்னும் முறை, அத்தலைவர் புத்தரேயாயினும், சங்கத்தை வளர்க்காது என்பது இதனால் விளங்கும்.

இனி, தொண்டர் ஒருவரைப் பகவன் எவ்வாறு ஆயத்தம் செய்தார் என்பதை மஜ்ஜிம நிகாயத்துப் புண்ணோவாத சுத்தத்தில் காண்கிறோம். புண்ணர் என்னும் பிக்கு சூனாபராந்த நாட்டுக்குச் செல்ல விரும்பினார். அந்நாடு இன்றைய மகாராட்டிரத்தின் மேற்குக் கரையில், சோபாராவைச் சூழ்ந்த பகுதி என்பது அறிஞர் கருத்து. அந்நாட்டு மக்கள் முரடர். ஆதலின் பகவன் வினவினார்: அவர்கள் உன்னை ஏசினால் என் செய்வாய்? கையால் அடித்தால்? கல்லால் எறிந்தால்? தடியால் தாக்கினால்? கத்தியால் வெட்டினால்? உயிரையே போக்கினால்? ஒவ்வொரு வினாவுக்கும் புண்ணர் தம் மனத்தை ஆராய்ந்து விடை பகர்ந்தார். அதன் பின்னரே பகவன் விடை கொடுத்தார். அந்த மழைக்காலத்துக்குள்ளேயே புண்ணர் 500 உபாசகரையும் 500 உபாசிகைகளையும் தம்மத்தில் நிலைபெறச் செய்தார் என்று சுத்தம் கூறுகின்றது.

இங்குப் பகவன் பொறுமையைப் பற்றி நெடிய சொற்பொழிவு ஆற்றவில்லை என்பதை அன்பர்கள் நோக்குக. வரவிருக்கும் இடரை முன்னதாகவே மனக்கண் முன் நிறுத்தி, அதற்குரிய விடையைத் தொண்டரின் வாயிலிருந்தே வருவித்தார். பிறர் சொல்லக் கேட்ட விடை இடர் வந்தபோது மறந்துபோகும். தானே கண்ட விடை நிற்கும்.

சங்கத்தின் அன்றாட ஒழுங்கிலும் இரு வழக்கங்கள் நமக்குப் பாடமாவன. முதலாவது, நிஸ்ஸயம். புதிதாகச் சேர்ந்த பிக்கு, திறமையுடையவராயினும், ஐந்தாண்டுகள் ஓர் ஆசானைச் சார்ந்து வாழவேண்டும். மாணவன் ஆசானுக்குப் பணிவிடை செய்கிறான். மாணவன் நோயுற்றால் ஆசான் அவனைப் பேணுகிறான். பயிற்சியும் பராமரிப்பும் இங்கு ஒன்றாகவே செல்கின்றன. இரண்டாவது, பவாரணை. மழைக்கால உறைவின் இறுதியில் ஒவ்வொரு பிக்குவும், மூத்தவர் முதலாக, தம்மிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றங்களை எடுத்துக்கூறுமாறு சங்கத்தை வேண்டிக்கொள்கிறார். குறை கூறுதல் பகைமையாகாமல் பயிற்சியாகும் வழி இதுவே.

இல்லறத்தார் ஒருவரின் முன்மாதிரி

இவையெல்லாம் துறவியர்க்கு உரியவை, நமக்குப் பொருந்துமோ என்று ஐயுறுவோர் ஆளவி நகரத்து ஹத்தகரை நினைவு கூர்க. அவர் இல்லறத்தார். அங்குத்தர நிகாயம் அவரைப் பற்றிக் கூறுகின்றது. ஒருகால் அவர் 500 உபாசகர் சூழப் பகவனைக் காண வந்தார். இத்துணைப் பெரிய கூட்டத்தை எவ்வாறு ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கிறாய் என்று பகவன் கேட்க, தாங்கள் கற்பித்த நான்கு வழிகளால்தான் என்று அவர் விடையிறுத்தார். தானம், இன்சொல், பிறர்க்குப் பயன்படும் செயல், யாவரையும் தமக்குச் சமமாக நடத்துதல் என்பனவே அந்நான்கு. பாலியில் இவற்றைச் சங்கஹ வத்து என்பர். மக்களைச் சேர்த்துப் பிடிக்கும் வழிகள் என்பது பொருள்.

ஹத்தகர் இந்நான்கையும் எல்லோரிடமும் ஒரே அளவில் கையாளவில்லை. எவருக்குக் கொடை வேண்டுமோ அவருக்குக் கொடை. எவருக்கு இன்சொல் வேண்டுமோ அவருக்கு இன்சொல். ஆளை அறிந்து பழகியமையே அவரது திறம். தம் இல்லத்தில் செல்வம் உண்டென்பதையும், வறியவன் சொல்லை மக்கள் அவ்வாறு கேளார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நம்மிடம் அவரைப்போன்ற செல்வம் இல்லை. ஆயினும் நான்கனுள் மூன்று பொருட்செல்வம் வேண்டாதவை. எஞ்சிய ஒன்றையும், ஒருவர் மிகுதியாகக் கொடுக்க இயலாதபோது, பலர் சிறிது சிறிதாகக் கொடுத்து நிறைவு செய்யலாம். பிடி அரிசி சேர்த்துப் பொதுக்காரியம் நடத்திய மரபு நம் தாய்மாருக்குப் புதிதன்று.

மகாட் நிலத்தை உழுதவர் யார்?

இப்பொழுது நம் காலத்து வரலாற்றுக்கு வருவோம். 1927 மார்ச் 20ஆம் நாள், கொங்கணக் கரையில் உள்ள மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார்; ஆயிரக்கணக்கான மக்கள் அவரைத் தொடர்ந்து பருகினர். இந்நிகழ்ச்சியை நாம் ஆண்டுதோறும் போற்றுகிறோம். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எத்தனை நாட்களின் உழைப்பு இருந்தது என்பதை எண்ணிப் பார்ப்போமா?

அப்பகுதியில் ஒரு தலைமுறைக்கு முன்னரே, படையிலிருந்து ஓய்வு பெற்ற கோபால் பாபா வலங்கர் தீண்டாமையை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தார். அவரைப் போலவே படையில் பணிபுரிந்து திரும்பிய முதியோர் பலர் கொங்கண ஊர்களில் இருந்தனர்; எழுத்தறிவும் ஒழுங்கும் அவர்களால் பரவின. 1923இல் பம்பாய்ச் சட்டசபையில் எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானம், பொதுக்குளங்களும் பொதுக்கிணறுகளும் எல்லோர்க்கும் உரியவை என்றது. 1924இல் மகாட் நகராட்சியும் சவதார் குளத்தை எல்லோர்க்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. ஆயினும் மூன்றாண்டுகள் எவரும் அக்குளத்தில் நீர் மொள்ளவில்லை. தீர்மானம் ஏட்டில் இருந்தது. அதனை நிலத்துக்குக் கொணரும் கட்டு மக்களிடையே இன்னும் உருவாகவில்லை.

அக்கட்டினை உருவாக்கியவருள் ஒருவர் ராமச்சந்திர பாபாஜி மோரே என்னும் உள்ளூர் இளைஞர். 1903இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்துநான்குக்கு மேல் இராது. சந்தைக்கு வரும் தீண்டப்படாத மக்கள் அமர்ந்து பேசுவதற்கென மகாட் நகரில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. அங்கே வருவோர்க்கு மோரே மனுக்கள் எழுதிக் கொடுத்தார். மனு எழுத வந்தவர் தம் ஊர்க் குறைகளைச் சொன்னார். பல ஊர்க் குறைகள் ஒன்றாக இருப்பதை எல்லோரும் உணர்ந்தனர். மகாட் மாநாட்டுக்கு அண்ணலை அழைப்பதில் முன்னின்றவர் இவரே. பிற்காலத்தில் மோரே பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து வேறு வழி சென்றார். எனினும் அண்ணலிடம் கொண்ட மதிப்பை விடவில்லை.

மாநாட்டுக்கு முன் இரண்டு திங்கள், தொண்டர்கள் மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் உள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்து சென்று செய்தி சொன்னார்கள். அதன் பயனாகச் சிறுவரும் முதியவரும் ரொட்டித் துண்டுகளை மூட்டையாகத் தோளில் சுமந்து நெடுந்தொலைவு நடந்து வந்தனர். மாநாட்டுப் பந்தலில் அவர்கள் குடிப்பதற்கு வேண்டிய நீரை மேல்சாதியாரிடமிருந்து 40 ரூபாய்க்கு விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தண்ணீருக்கு விலை கொடுக்கும் நிலையைக் கண்ணால் கண்ட மக்கள், குளத்தை நோக்கி நடந்ததில் வியப்பு யாது?

நீர் பருகிய பின், கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்னும் வதந்தி பரவி, பிரதிநிதிகள் தாக்கப்பட்டனர். கூட்டத்தில் முன்னாள் படைவீரர் பலர் இருந்தனர். திருப்பித் தாக்க வல்லவராயினும், அண்ணலின் சொல்லுக்கு அடங்கி நின்றனர். புண்ணரிடம் பகவன் கேட்ட வினாக்களை இவ்விடத்தில் நினைக்க. அடக்கம் என்பது அச்சத்தினின்று வேறானது. அது பயிற்சியினால் வருவது.

அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆயினும் நீதிமன்றத் தடையின் காரணமாக மீண்டும் குளத்தில் இறங்குவது ஒத்திவைக்கப்பட்டது. வழக்கு நடந்தது. 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் தீண்டப்படாதாரின் உரிமையை உறுதி செய்தது. ஒரு நாள் பருகிய நீருக்குப் பத்தாண்டுகள் வழக்கு. கூட்டம் ஒரு நாளில் கூடிக் கலையும். பத்தாண்டு தாங்குவதற்குக் கட்டு வேண்டும்.

ஒருவரையே சார்ந்து நிற்பதன் இடர்

அண்ணல் இதனை நன்கு உணர்ந்திருந்தார். 1956 ஜூலையில் பம்பாயில், அரசியலில் புகுவோர்க்கெனப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். முதல் அணியில் சேர்ந்தவர் 15 பேர். அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சு வரை நடந்த அப்பள்ளி, அதன்பின் நடைபெறவில்லை. இலட்சக்கணக்கானோர் தம்மம் தழுவிய அந்நாட்களில், பதினைந்து பேரைப் பயிற்றும் பள்ளியைத் தாங்குவதற்குக் கைகள் இல்லாமற் போயின. இது நாம் வருந்தி நினைத்துப் பார்க்கவேண்டிய செய்தியாகும்.

இதற்கு மறுதலையான செய்தியும் நம் தமிழ்ப் பௌத்த வரலாற்றிலேயே உண்டு. 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தினார். 1914 மே 5ஆம் நாள் அவர் மறைந்தபின் தலைமைச் சங்கம் தளர்ந்தது. இதழும் நெடுநாள் நீடிக்கவில்லை. அத்துடன் எல்லாம் முடிந்ததோ? இல்லை. கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப் முதலிய இடங்களில் சங்கக் கிளைகள் வேரூன்றியிருந்தன. சுரங்கத்துள் இறங்கி உழைத்த மக்கள் நடுவே, எம். ஒய். முருகேசர் போன்ற தொண்டர்கள் அவற்றை வளர்த்திருந்தனர். 1926இல் அந்தத் தங்கவயலிலிருந்தே, ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு, ‘தமிழன்’ மீண்டும் எழுந்தது. தலைமையிடத்தில் அணைந்த விளக்கைக் கிளையொன்று ஏற்றியது. ஏற்றுவதற்கு அங்கே பயின்ற கைகள் இருந்தமையே அதற்குக் காரணம்.

நம் கிளைகளில் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஒவ்வொரு கிளைச் சங்கமும் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, தெரிந்தெடுத்தல். நன்றாகப் பேசுபவரையே தொண்டராகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் மிகுதி. ஒரு தெருவில் இழவு நேர்ந்தால் முதலில் யார் போய் நிற்கிறார்? கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அண்டை வீட்டார் யாரிடம் ஓடுகின்றனர்? அவரே மக்களின் நம்பிக்கையைப் பெற்றவர். பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாக இருப்பார். 1927 டிசம்பரில் மகாட் நகரில் அண்ணல் பெண்களைத் தனியே கூட்டிப் பேசியதை நினைக்க. உபாசிகைகளை உணவு சமைக்கவும் மலர் தொடுக்கவும் மட்டும் அழைக்கும் சங்கம் தன் வலிமையில் பாதியைத் தானே விலக்குகின்றது.

இரண்டாவது, கேட்கும் பயிற்சி. புதிய தொண்டர் முதல் திங்களில் எதையும் போதிக்க வேண்டா. பத்து வீடுகளுக்குச் சென்று, அவரவர் குறையைக் கேட்டு வந்து சங்கத்தில் சொல்லட்டும். எது பலருக்கும் பொதுவான குறையோ, அதிலிருந்தே பணி தொடங்கவேண்டும்.

மூன்றாவது, சிறியதில் தொடங்குதல். முதற் பணி மக்கள் தாமே செய்து முடிக்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். சான்றாக, சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதியினர் பற்றிய அரசியலமைப்பு ஆணை 1990இல் திருத்தப்பெற்றுப் பௌத்தம் தழுவியோர்க்கும் அவ்வுரிமை உரித்தாக்கப்பட்டது. இதனை அறியாத எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக்கூடும். அத்திருத்தத்தின் நகலைக் கையில் கொண்டு, பாதிக்கப்பட்ட பெற்றோர் ஐவர் ஒன்றாகச் சென்று பேசட்டும். தொண்டர் உடன் நிற்கட்டும். அவர்களுக்காகத் தாமே பேசிவிட வேண்டா. அன்று வெற்றி கிட்டினால், அது தொண்டரின் வெற்றியாகாமல் அவ்வைவரின் வெற்றியாகும். அடுத்த முறை அவர்களே பிறரை அழைத்துச் செல்வர்.

நான்காவது, துணைவழிப் பயிற்சி. நிஸ்ஸய முறைப்படி, புதியவர் ஒருவரைப் பழகியவர் ஒருவருடன் இணைக்கவேண்டும். போகும் வழியில், அதிகாரி கோபித்தால் என் செய்வாய், கூட வந்தவர் அஞ்சி விலகினால் என் செய்வாய் என்று வினவவேண்டும். திரும்பும் வழியில், இன்று எதைக் கண்டாய், எது தவறியது என்று வினவவேண்டும். ஆண்டுக்கொருமுறை பவாரணை போன்று, மூத்தவர் முதலாக அனைவரும் தத்தம் குறைகளைச் சங்கத்தின் முன் கேட்டறிதல் நலம்.

ஐந்தாவது, தாங்குதல். நம் தொண்டர் பலர் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர். அலுவலகத்துக்கு ஒரு நாள் சென்றால் அந்நாட் கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் அவர் கைப்பொருளே. இவற்றைச் சங்கம் ஈடுசெய்தல் வேண்டும். பொய் வழக்கு வருமாயின் வழக்கறிஞரைத் தேடுவதும், அவர் இல்லத்தில் அடுப்பெரிவதைப் பார்த்துக்கொள்வதும் சங்கத்தின் கடன். நோயுற்றுத் தனித்துக் கிடந்த பிக்குவைப் பகவன் தம் கையாலேயே நீராட்டிப் பேணினார் என்று விநயம் கூறும். தொண்டருக்கு மாலை அணிவிப்பது எளிது. அவர் காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி கொண்டு செல்வதே சங்கம்.

ஆறாவது, கணக்கு. திங்கள்தோறும் வரவு செலவை எல்லோரும் கேட்கப் படிக்கவேண்டும். ஒரு ரூபாய்க்கும் கணக்குச் சொல்லும் சங்கத்துக்கு மக்கள் நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கார். கணக்கில் எழும் ஐயம் சங்கத்தைக் கறையான்போல் அரிக்கும்.

ஏழாவது, பொறுப்பு மாற்றம். ஒருவர் எத்துணைத் திறமையுடையவராயினும் எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்குதல் ஆகாது. தம் பணியைச் செய்யவல்ல இருவரை உருவாக்கியவரே தம் பணியை முடித்தவர் ஆவார்.

வஜ்ஜியர் தரும் எச்சரிக்கை

மகத மன்னன் அஜாதசத்துரு வஜ்ஜியரை வெல்லக் கருதி, தன் அமைச்சன் வஸ்ஸகாரனைப் பகவனிடம் அனுப்பினான். வஜ்ஜியர் அடிக்கடி கூடுகின்றனரா, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகின்றனரா, மூத்தோரை மதிக்கின்றனரா, பெண்டிரைக் காக்கின்றனரா என்பன முதலாக ஏழு செய்திகளைப் பகவன் ஆனந்தரிடம் வினவினார். இவை நிலவும்வரை வஜ்ஜியர்க்கு வளர்ச்சியே அன்றித் தேய்வில்லை என்றார். போரால் அவர்களை வெல்லவியலாது, பிளவினால் மட்டுமே இயலும் என்று அமைச்சன் உணர்ந்துகொண்டான். பின்னர் அவன் வஜ்ஜியரிடையே புகுந்து மூன்றாண்டுகளில் ஒருவரை ஒருவர் ஐயுறச் செய்தான் என்றும், போர்முரசு ஒலித்தபோது எவரும் கூடவில்லை என்றும் உரைநூல் கூறும்.

வஜ்ஜியர் வீரத்தில் குறைந்தவரல்லர். கூடுவது நின்றது; அவர்கள் வீழ்ந்தனர். ஆகவே, அன்பர்களே, அடுத்த பௌர்ணமிக்கு எத்தனை பேர் வருவர் என்று எண்ணுவதோடு அமையாது, அதற்கு மறுநாள் எத்தனை தெருக்களில் நம் தொண்டர் நடப்பர் என்பதையும் எண்ணுவோமாக. ஒவ்வொரு கிளையும் இவ்வாண்டில் இருவரைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்துத் தாங்குமாயின், ஐந்தாண்டில் அக்கிளைக்குப் பத்துப் பேர் இருப்பர். எவர் மறைந்தாலும் அணையாத விளக்கு அப்பத்துப் பேரின் கைகளில் இருக்கும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. துறவு பூணுவிக்கும் உரிமையைப் பகவன் சீடர்களுக்கு வழங்கியதன் காரணம் யாது? நம் கிளையில் அவ்வாறு பகிர்ந்தளிக்கத்தக்க பொறுப்புகள் எவை?

2. 1924ஆம் ஆண்டின் நகராட்சித் தீர்மானம் மூன்றாண்டுகள் பயனற்றுக் கிடந்தது ஏன்? நம் ஊரில் ஏட்டளவில் நிற்கும் உரிமை எது?

3. நான்கு சங்கஹ வத்துக்களுள் நம் சங்கத்தில் மிகவும் குறைவாக உள்ளது யாது?

4. நம் தெருவில் துன்பம் நேர்ந்தால் மக்கள் முதலில் நாடிச் செல்பவர் யார்? அவரைச் சங்கப் பணிக்கு நாம் அழைத்ததுண்டா?